பயம் ஓரிடம், ஆபத்து வேறிடம்: மலைச் சாகச விளையாட்டுகள் – ஒரு மதிப்பீடு

கோட்டையூரைச் சுற்றிக் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை சமவெளிதான். செம்மண் பொட்டல், ஊருணி, கண்மாய், கருவேலங்காடு. மேற்கே காரைக்குடியைத் தாண்டினால் குன்றக்குடி ஒரு குன்று. இன்னும் மேற்கே பிரான்மலை வரை போனால்தான் மலை என்று பேர் சொல்ல ஒன்று உண்டு. ஆனாலும் இந்தப் பக்கத்துக் குடும்பங்களின் விடுமுறைத் திட்டத்தில் இப்போது மலை கட்டாயம் இடம்பெறுகிறது. கொடைக்கானலில் தொடங்கி மணாலி, குல்மார்க் என்று நீண்டு, பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் வீடுகளில் அது ஆல்ப்ஸ் வரை போய்விடுகிறது. போய் இறங்கியதும் கையில் ஒரு விலைப்பட்டியல் வருகிறது. பாராகிளைடிங், ஸ்கீயிங், ராஃப்டிங், ஜிப் லைன், பாறை ஏற்றம், பஞ்சி ஜம்ப். எதைச் செய்யலாம், எதை விட்டுவிடலாம்?

பெரும்பாலும் பயம்தான் இதற்குப் பதில் சொல்கிறது. பார்த்தவுடன் அடிவயிறு கலங்கினால் 'வேண்டாம்', கலங்காவிட்டால் 'போகலாம்'. ஆனால் பயம் இருக்கும் இடத்தில் ஆபத்து இருந்துதான் ஆக வேண்டும் என்பதில்லை. சிராவயல் மஞ்சுவிரட்டைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. மாட்டின் மேல் பாய்கிறவன் மீதுதான் எல்லோர் கண்ணும். முட்டுப்படுகிறவர்களிலோ, பொட்டலில் நின்று வேடிக்கை பார்த்தவர்கள் ஆண்டுதோறும் இருக்கிறார்கள். மலை விளையாட்டுகளின் கணக்கும் ஏறக்குறைய இதுதான். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கலாம்.

நடை: எளியது என்று நம்பியது

பட்டியலில் மிகச் சாதுவானது மலை நடை. கயிறு இல்லை, கருவி இல்லை, பயமும் இல்லை. தமிழகம் சமீப காலத்தில் கண்ட மிகப் பெரிய மலைச் சாகச விபத்து நடந்தது இந்த நடையில்தான்.

2018 மார்ச் 11. தேனி மாவட்டம் குரங்கணி மலையில், கொழுக்குமலைப் பக்கமிருந்து இறங்கிக்கொண்டிருந்த இரண்டு குழுக்கள் காட்டுத் தீயில் சிக்கின. ஒன்று சென்னையிலிருந்து வந்தது, மற்றொன்று ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்திலிருந்து. சம்பவ இடத்திலும், பிறகு வாரக்கணக்கில் மருத்துவமனைகளிலுமாக 23 பேர் இறந்தார்கள். பலர் படித்து வேலையில் இருந்த இளைஞர்கள். பெண்கள் நிறையப் பேர்.

அங்கே நடந்ததைப் புரிந்துகொள்ளத் தீயின் குணம் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். சரிவில் தீ மேல்நோக்கி ஏறும்போது, மேலே இருக்கும் புல்லை முன்கூட்டியே சுட்டுக் காயவைத்துக்கொண்டே போகிறது. சரிவு 10 டிகிரி கூடினால் தீயின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது தீயணைப்புத் துறையினரின் பொதுக் கணக்கு. மார்ச் மாதத்தில் அந்தச் சரிவுகளில் ஆளுயரப் போதைப்புல் காய்ந்து கிடக்கும். தீ கீழே இருக்க, மனிதன் மேலே இருந்தால் ஓட்டத்தில் ஜெயிப்பது தீதான். எந்த மாதம் எந்தச் சரிவில் இருக்கக் கூடாது என்று தெரிந்த ஒருவர் கூட இருந்து, அன்றைக்கு 'போக வேண்டாம்' என்று சொல்லியிருந்தால் அவ்வளவு உயிரும் மிஞ்சியிருக்கும். தீயைக் கண்டு முதலில் மேலேறிப் போனவர்கள் உள்ளூர் மக்கள். இந்திய விமானப்படை ஹெலிகாப்டர்கள் பிறகு வந்தன.

அந்த ஆண்டே தமிழக அரசு மலையேற்றத்துக்கென விதிகளை வகுத்தது. பாதைகள் எளிது, நடுத்தரம், கடினம் என்று தரம் பிரிக்கப்பட்டன. அனுமதியும் வழிகாட்டியும் கட்டாயமாயின. 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டம் வந்தது. 14 மாவட்டங்களில் 40 பாதைகள், இணையவழி முன்பதிவு, பயிற்சி பெற்ற உள்ளூர், பழங்குடி இளைஞர்கள் வழிகாட்டிகள். ஏலகிரியின் சுவாமிமலையும் கோத்தகிரியின் லாங்வுட் சோலையும் அதில் உண்டு, குரங்கணியும் உண்டு. 2025-இல் பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை, தீப்பிடிக்கும் காலம் என்று எல்லாப் பாதைகளையும் மூடினார்கள். அந்தத் திட்டத்தில் எனக்கு மிகவும் நம்பிக்கை தருவது அந்த மூடல்தான்.

நடையில் இன்னோர் ஆபத்து நம் உடம்பிலேயே இருக்கிறது. கோவைக்கு மேற்கே வெள்ளியங்கிரியில் ஏழு மலை ஏறுகிறவர்களில் மூச்சுத்திணறியும் நெஞ்சுவலி வந்தும் இறப்பவர்களைப் பற்றிச் செய்தி வராத பருவமே இப்போது இல்லை. செட்டிநாட்டில் நடை புதிதல்ல. தைப்பூசத்துக்காகக் குன்றக்குடியிலிருந்து பழனிக்குக் காவடியோடு நடந்து போய், நடந்தே திரும்பும் நகரத்தார் மரபு நூற்றாண்டுகளைக் கண்டது. ஆனால் அது பெரும்பாலும் சமதரை நடை. நூறு கிலோமீட்டர் தார்ச்சாலையில் நடந்த கால், ஆயிரம் மீட்டர் இறக்கத்தில் நடுங்கும். முழங்காலுக்கு ஏற்றத்தைவிட இறக்கம் கடினம். ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் இரண்டு மாதம் மாடிப்படி ஏறி இறங்கிப் பழகுவதும், ஒருமுறை இருதயப் பரிசோதனை செய்துகொள்வதும் நல்ல காலணி வாங்குவதைவிட முக்கியம்.

பாறை: பார்க்கத்தான் பயங்கரம்

செங்குத்துப் பாறையில் ஒருவர் ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தால் நமக்குத்தான் கைகால் வேர்க்கும். ஆனால் கற்றுக்கொள்கிறவர்களுக்கான முறையில் கயிறு மேலே பூட்டிய வளையத்தின் வழியே வந்து ஏறுகிறவரின் இடுப்பு வாரில் முடிகிறது. மறுமுனையைக் கீழே நிற்கும் கூட்டாளி ஒரு பிடிகருவியில் வைத்திருக்கிறார். கை நழுவினால் ஓரடி, ஈரடி தொங்குவோம், அவ்வளவுதான். ஏறுமுன் இருவரும் ஒருவருக்கொருவர் முடிச்சையும் கொக்கிப் பூட்டையும் தொட்டுப் பார்த்துச் சரிபார்க்க வேண்டும். பழகியவர்களும் இந்த அரை நிமிடத்தைச் சோம்பலில் விட்டதால் கீழே விழுந்திருக்கிறார்கள். கர்நாடகத்தின் ராமநகரா, பாதாமி, ஹம்பி பாறைகள் தென்னிந்தியாவில் இதற்குப் பேர்போனவை. ஊருக்குள் செயற்கைச் சுவரில் தொடங்குவது இன்னும் நல்லது. டோக்கியோ ஒலிம்பிக்கில் இது பதக்க விளையாட்டாகவே சேர்ந்துவிட்டது.

வானம்: அழகப்பர் பறந்த வழி

1909-இல் கோட்டையூரில் பிறந்த அழகப்பச் செட்டியார் லண்டனில் சட்டம் படிக்கப் போன காலத்தில் குராய்டனில் விமானம் ஓட்டக் கற்றுச் சான்றிதழும் பெற்றவர். பின்னாளில் ஜூபிட்டர் ஏர்வேஸ் என்று விமான நிறுவனமே நடத்தினார். பறக்கும் ஆசைக்கு இந்த ஊரில் முன்னோடி உண்டு என்பதற்காகச் சொல்கிறேன்.

பாராகிளைடிங் அவர் காலத்துக்கு மிகவும் பிந்தியது. 1978-இல் பிரெஞ்சு ஆல்ப்ஸின் மியூசி என்ற ஊரில், விமானத்திலிருந்து குதிக்கும் பாராசூட்காரர்கள் சிலர் மலைச்சரிவிலேயே ஓடிப் பறந்து பார்த்தார்கள், விளையாட்டு பிறந்தது. இந்தியாவில் இதற்குத் தலைமையிடம் இமாச்சலப் பிரதேசத்தின் பிர்-பில்லிங். பில்லிங் சுமார் 2,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே ஏறிப் பறந்து கீழே பிர் கிராமத்தில் இறங்க வேண்டும். 2015-இல் உலகக் கோப்பைப் போட்டி அங்கே நடந்தது. தமிழகத்தில் ஏலகிரியில் பாராகிளைடிங் விழாக்கள் நடந்திருக்கின்றன.

சுற்றுலாப் பயணிக்குக் கிடைப்பது இருவர் பறக்கும் டான்டம் முறை. பயணி முன்னால், விமானி பின்னால். இதில் பயம் முழுவதும் உயரத்தைப் பற்றியது. ஆபத்து உயரத்தில் இல்லை. உயரம் அதிகமாக இருந்தால் தவறைச் சரிசெய்ய நேரமும், மாற்றுப் பாராசூட்டை விரிக்க இடமும் கிடைக்கும். ஆபத்து தரைக்குப் பக்கத்தில் – ஓடிக் கிளம்பும் சில விநாடிகளிலும் இறங்கும் நேரத்திலும் – இருக்கிறது. மலையின் காற்று மறைவில் எழும் சுழலிலும் இருக்கிறது. கிளம்புமுன் தொடை வார்கள் இரண்டும் பூட்டியிருக்கின்றனவா என்று பயணியே குனிந்து பார்க்க வேண்டும். மார்பு வார் மட்டும் பூட்டி, தொடை வாரை மறந்து பறந்தவர்கள் நழுவி விழுந்த கதைகள் உலகெங்கும் உண்டு. 'ஓடுங்கள்' என்றால் கால் தரையை விட்டபின்னும் ஓட வேண்டும். பாதியில் உட்கார்ந்துவிட்டால் இருவருமே சறுக்குவார்கள்.

அனுபவம் மட்டும் காப்பாற்றாது என்பதற்கும் பிர் சாட்சி. 2023, 2024 அக்டோபர்களில் வெளிநாட்டிலிருந்து வந்த தேர்ந்த பறப்பாளர்கள் சிலர் அந்த மலைகளில் விபத்துக்குள்ளாகி இறந்தார்கள். பிரிந்துபோய்த் தனியே நெடுந்தூரம் பறக்கும் அவர்களது முறை வேறு, இருபது நிமிட டான்டம் வேறு, காற்று ஒன்றுதான். இமாச்சல அரசு ஆண்டுதோறும் ஜூலை 15 முதல் செப்டம்பர் 15 வரை மழைக்காலத்தில் பாராகிளைடிங்கையும் ராஃப்டிங்கையும் தடை செய்கிறது. அந்த இரண்டு மாதத்தில் 'நம்ம ஆளு இருக்கார், வாங்க' என்று யாராவது கூப்பிட்டால் அதுவே போகக் கூடாத இடத்துக்கு அடையாளம்.

பனி: மென்மையாகத் தெரிவது

சமவெளிக்காரர்களுக்குப் பனி என்றாலே மகிழ்ச்சி. மணாலி போகும் வழியில் வாடகைக் கோட்டும் ரப்பர் பூட்சும் மாட்டிக்கொண்டு, பனியில் விழுந்து புரண்டு படம் எடுக்காதவர்கள் இல்லை. ஸ்கீயிங் கற்றுக்கொள்ள விரும்பினால் காஷ்மீரின் குல்மார்க், உத்தராகண்டின் அவுலி இரண்டும் தக்க இடங்கள். அவுலியில் அந்த மாநிலச் சுற்றுலாக் கழகம் ஒரு வாரம், இரண்டு வாரப் பயிற்சி வகுப்புகள் நடத்திவருகிறது. ஒரு மணி நேர வாடகை ஸ்கீயில் விழக் கற்கலாம். ஒரு வாரத்தில் நிற்கவும் திரும்பவும் கற்கலாம்.

ஸ்கீயிங்கில் மெல்லிய சறுக்கலில் கிழியக்கூடியது முழங்காலின் உள்நார். விழும்போது பூட்ஸ் ஸ்கீயிலிருந்து தானே கழன்றுகொண்டால் முழங்கால் தப்பும். கழலாமல் நீண்ட பலகை காலோடு முறுக்கினால் போச்சு. எவ்வளவு விசையில் கழல வேண்டும் என்பதை ஆளின் எடைக்கும் உயரத்துக்கும் பழக்கத்துக்கும் ஏற்பத் திருகி வைக்க வேண்டும். அதனால் ஸ்கீயை வாடகைக்குத் தருகிறவர் 'உங்க எடை எவ்வளவு?' என்று கேட்காமல் மாட்டிவிட்டால், அந்தக் கடையை விட்டு நடையைக் கட்டலாம். இந்த ஒரு கேள்வி மற்ற விளையாட்டுகளுக்கும் உரைகல். டான்டம் விமானி கேட்க வேண்டும். ஜிப் லைன்காரர் கேட்க வேண்டும். பஞ்சி ஜம்ப் மேடையில் கயிற்றையே எடை பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

உயிரைப் பறிப்பது பனிச்சரிவு. 30 முதல் 45 டிகிரி சரிவில், கடும் பனிப்பொழிவு ஓய்ந்த முதல் ஒன்றிரண்டு நாளில் அது அதிகம் நிகழ்கிறது. வெயில் அடித்து, வானம் நீலமாகி, 'இன்னைக்குத்தான் அருமையான நாள்' என்று தோன்றும் நாள் அது. புதையுண்டவரைக் கால் மணி நேரத்துக்குள் தோண்டி எடுத்தால் பிழைக்க வாய்ப்பு மிக அதிகம். அதன்பின் விறுவிறுவெனச் சரிந்துவிடும். 2023 பிப்ரவரியில் குல்மார்க்கில் போலந்துக்காரர் இருவரும், மறு ஆண்டு பிப்ரவரியில் ஒரு ரஷ்யரும் இறந்தது இப்படித்தான். குறித்த சறுக்குத் தடத்தை விட்டு விலகாதவர்களுக்கு இந்த ஆபத்து வெகு குறைவு.

உயரத்தையும் கணக்கில் வைக்க வேண்டும். குல்மார்க் ஊர் 2,650 மீட்டர். கேபிள் காரின் மேல் நிலையம் ஏறக்குறைய 3,950 மீட்டர். அங்கே ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன் கடல்மட்டத்தில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவு. கோட்டையூரில் கிளம்பி மறுநாளே அங்கே நிற்கிறவருக்குத் தலைவலி, வாந்தி, தூக்கமின்மை வரலாம். இறங்குவதுதான் முதல் மருந்து. 3,000 மீட்டருக்கு மேல் தூங்கும் இடத்தை நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தக் கூடாது என்பது மலை மருத்துவர்கள் சொல்லும் வரம்பு.

பனியே இல்லாமல் போவது புதிய சிக்கல். 2025 பிப்ரவரியில் குல்மார்க்கில் நடக்கவிருந்த கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டு, போதிய பனி இல்லாமல் மார்ச்சுக்குத் தள்ளிப்போனது. முன்பணம் கட்டுமுன் இதையும் விசாரித்துக்கொள்வது நல்லது.

ஆறு: மேலே பெய்த மழை

ராஃப்டிங்குக்கு ரிஷிகேஷ் பேர்போனது. ஆற்றின் வேகத்தை ஒன்று முதல் ஆறு வரை தரம் பிரிப்பார்கள்; புதியவர்களுக்கு மூன்று போதும். படகு கவிழ்ந்தால் கால் இரண்டையும் நீரோட்டத் திசையில் நீட்டி மல்லாந்து மிதக்க வேண்டும். முழங்கால் ஆழம்தானே என்று எழுந்து நிற்க முயன்றால் பாறை இடுக்கில் பாதம் சிக்கி, நீரின் விசை ஆளை முகங்குப்புற அழுத்திவிடும். நீச்சல் தெரிந்தவர்களும் இப்படி இறந்திருக்கிறார்கள்.

இதைவிடக் கொடியது வெள்ளம். 1999 ஜூலை 27 அன்று சுவிட்சர்லாந்தின் இன்டர்லாகன் அருகே சாக்ஸட் ஓடையில் ஒரு குழு கேன்யனிங், அதாவது மலை இடுக்கு ஓடையில் குதித்தும் சறுக்கியும் இறங்கும் விளையாட்டில் இருந்தது. மலையின் மேற்பகுதியில் இடிமழை கொட்டியது. இடுக்கில் பாய்ந்த தண்ணீர் 18 பயணிகளையும் 3 வழிகாட்டிகளையும் கொண்டுபோனது. நமக்கு அந்த ஓடை எங்கோ இருக்கிறது. பழைய குற்றால அருவியோ நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. 2024 மே மாதம் அங்கே குளித்துக்கொண்டிருந்தவர்கள் மேல் திடீரெனச் சீறி வந்த வெள்ளத்தில் 17 வயது மாணவர் ஒருவர் உயிரிழந்தார். இரண்டு இடத்திலும் இயக்கம் ஒன்றே: நிற்கும் இடத்தில் மழை இல்லை, தண்ணீர் பிறக்கும் இடத்தில் மழை. காவிரியில் நீர்வரத்து கூடியதும் ஒகேனக்கல்லில் பரிசல் நிறுத்தப்படும்போது முணுமுணுத்துத் திரும்புகிறவர்கள், அந்தத் தடை யாரைக் காப்பாற்றுகிறது என்று யோசித்தால் போதும்.

கம்பி: பராமரிப்பே பாதுகாப்பு

ரோப் கார், ஜிப் லைன், பஞ்சி ஜம்ப் ஆகியவற்றில் பயணிக்குத் திறமையே தேவையில்லை. முழுப் பொறுப்பும் இரும்பின் மேல், அதைப் பராமரிப்பவர் மேல். ரிஷிகேஷில் 83 மீட்டர் உயர மேடையிலிருந்து குதிக்கிறவருக்கு வேண்டியது துணிச்சல் மட்டுமே. மற்றதெல்லாம் கயிற்றைக் கணக்கிட்டவர் வேலை. 2017 ஜூனில் குல்மார்க் கேபிள் காரில் பலத்த காற்றில் மரம் முறிந்து கம்பியில் விழ, பெட்டி ஒன்று அறுந்து 7 பேர் இறந்தார்கள். அதில் இருந்த பயணிகள் எந்தச் சாகசமும் செய்யவில்லை, உட்கார்ந்திருந்தார்கள்.

பழனி ரோப் காரை மாதம் ஒரு நாளும், ஆண்டுக்கு ஒருமுறை வாரக்கணக்கிலும் பராமரிப்புக்காக நிறுத்துவார்கள். அடிவாரத்தில் வந்து நின்று 'இன்னைக்கு ஓடாது' என்ற அறிவிப்பைப் படித்து அலுத்துக்கொள்ளாத குடும்பம் செட்டிநாட்டில் குறைவு. மலைவாசத்தலத்தில் ஜிப் லைன் வைத்திருப்பவரிடமும் அதே பழனிக் கேள்வியைக் கேட்கலாம்: கடைசியாக எப்போது நிறுத்திப் பார்த்தீர்கள்? ஒருநாளும் நிறுத்தியதில்லை என்று பெருமையாகச் சொன்னால் வணக்கம் போட்டுவிட்டு வந்துவிடலாம்.

சாவுக்குப் பின் வரும் சட்டம்

இந்தத் துறையின் விதிகள் எல்லா நாட்டிலும் பிணத்தின் மேல் எழுதப்பட்டவை. 1820-இல் மோன் பிளாங் சிகரத்துக்குப் போன ஹேமல் என்ற அறிஞரின் குழுவில், வழிகாட்டிகள் தயங்கியும் பயணம் தொடர்ந்தது; பனிச்சரிவில் 3 வழிகாட்டிகள் மாண்டார்கள். மறு ஆண்டே அந்த மலையடிவாரத்து ஷமோனி ஊரின் வழிகாட்டிகள் சங்கம் அமைத்துக்கொண்டார்கள். இன்றும் அது இருக்கிறது. சாக்ஸட் ஓடைச் சாவுகளுக்குப் பின், சுவிட்சர்லாந்து மலை வழிகாட்டிகளுக்கும் ஆபத்தான விளையாட்டு நடத்துகிறவர்களுக்கும் உரிமத்தைக் கட்டாயமாக்கிய சட்டத்தை 2014-இல் அமலுக்குக் கொண்டுவந்தது. குரங்கணிக்குப் பின் நம் விதிகள்.

மூன்றிலும் கிடைத்த பலன் ஒன்றே. பணம் கட்டிய வாடிக்கையாளரிடம் 'இன்றைக்கு முடியாது' என்று சொல்லும் அதிகாரம் வழிகாட்டியின் கைக்கு வந்தது. அது இல்லாத இடத்தில் எவ்வளவு உயர்ந்த கருவி இருந்தும் பயனில்லை. மத்திய சுற்றுலா அமைச்சகம் 2018-இல் சாகசச் சுற்றுலாவுக்கு விரிவான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. நெறி காகிதத்தில் இருக்கிறது. சரிவில் அதை நடைமுறைப்படுத்துகிறவர் இருக்கிறாரா என்பதைப் போகிறவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். காப்பீட்டையும் பார்க்க வேண்டும். மருத்துவக் காப்பீட்டின் பொது விதிப்படி இழப்பீடு மறுக்கப்படுவது தொழில்முறையில் சாகசம் செய்கிறவர்களுக்குத்தான். விபத்துக் காப்பீட்டின் நிபந்தனை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். கிளம்புமுன் வாசித்துவிடுவது நல்லது.

எந்த வரிசையில்?

சமவெளிக் குடும்பம் ஒன்றுக்கு இந்த வரிசையைப் பரிந்துரைப்பேன். முதலில் தமிழக வனத்துறையின் எளிய பாதை ஒன்று, வழிகாட்டியோடு, நவம்பர் முதல் ஜனவரிக்குள் மழை பார்த்து. அடுத்து, செயற்கைச் சுவரில் பாறை ஏற்றம். கயிற்றை நம்பவும் கூட்டாளியைச் சரிபார்க்கவும் அது கற்றுத்தரும். மூன்றாவது, அக்டோபர் இறுதியில் பிர்-பில்லிங்கில் ஒரு டான்டம். நான்காவது, ஒரு மணி நேர ஸ்கீக்குப் பதில் ஒரு வாரப் பயிற்சி. இன்னும் மேலே போக விரும்பும் இளைஞர்களுக்கு டார்ஜிலிங்கிலும் உத்தரகாசியிலும் 28 நாள் அடிப்படை மலையேற்றப் பயிற்சி இருக்கிறது. விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்த முத்தமிழ்ச்செல்வி 2023 மே மாதம் எவரெஸ்ட்டில் ஏறி, அதைத் தொட்ட முதல் தமிழகப் பெண் ஆனார். அவரும் வெயில் ஊர்க்காரர்தான். மழைக்காலக் கேன்யனிங், தடம் விலகிய ஸ்கீயிங், பிப்ரவரிக்குப் பின் அனுமதியில்லாக் காட்டு நடை மூன்றையும் பட்டியலில் இருந்தே அடித்துவிடலாம்.

பணம் கட்டுமுன் கேட்க மூன்று கேள்விகள் போதும். எந்த நாளில் நிறுத்துவீர்கள்? நிறுத்தினால் பணம் திரும்ப உண்டா? என் எடை என்ன என்று ஏன் இன்னும் கேட்கவில்லை? முதல் கேள்விக்குப் பட்டென்று பதில் வரும் இடத்தில், எவ்வளவு பயமாக இருந்தாலும் துணிந்து இறங்கலாம்.